சாமளாபுரம் குளக்கரையில் இளைஞர்களிடம் பேசியது



காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம், நம்ம என்.எஸ்.எஸ். வருசத்துக்கு 120 மணி நேரம், அப்படி ரெண்டு வருசம். ஏழு நாள் ஊர் முகாம் வேற. அத்தனை நேரத்தையும் சர்டிபிகேட்டுக்காகக் கழிச்சிடாதீங்க.

இந்தக் குளத்துக்குத் தண்ணி நொய்யல்ல இருந்து வருது. வாய்க்கால் எங்க அடைச்சிருக்கு, மழைக்கு அப்புறம் தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு நடந்து பார்த்து நோட்டுல எழுதுங்க. தறியில அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுறதை இங்க யாரும் புத்தகத்துல படிச்சுக் கத்துக்கல. தலைமையும் அப்படித்தானுங்க. காலையில ஆறு மணிக்குப் பத்துப் பேரைக் கரைக்கு வர வைக்கிறது, எங்களை மாதிரி மைக் பிடிச்சுப் பேசுறதைவிடக் கஷ்டம்.

எழுதுன நோட்டோட பேரூராட்சி அலுவலகத்துக்குப் போங்க. கவுன்சிலர் நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் விடாம கேளுங்க.