ஆடை தாங்கும் உடல்



நெய்வேலி நகரியத்தின் அகன்ற சாலைகளில் காலை வேளையில் சற்று நின்று பார்த்தால் ஓர் உண்மை எளிதில் விளங்கும். ஒருபுறம் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள். மறுபுறம் சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் முறைவேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள். இரு சாராருக்கும் சீருடை உண்டு. ஒரே தானில் வெட்டிய துணி, ஒரே நிறம், பெரும்பாலும் ஒரே மாதிரித் தையல். ஆயினும் ஒருவருக்கு அது அளந்து வார்த்தாற்போல் பொருந்தி நிற்கிறது. அடுத்தவருக்குக் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்குகிறது. துணியைக் குறை கூற வழியில்லை. விலையைக் குறை கூறவும் வழியில்லை. வேறுபாடு துணிக்குள்ளே இருக்கிறது.

படிக்கும் பிள்ளைகளிடம் உடலழகைப் பற்றியும் உடையழகைப் பற்றியும் பேசுவானேன் என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். பேசத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பதினைந்து வயதில் கண்ணாடி முன் நின்று பாராத பிள்ளை உலகில் இல்லை. அந்தக் கண்ணாடி காட்டுவதைத் தவறாகப் படித்துக்கொண்டவர்கள்தாம் துன்பப்படுகிறார்கள். கால் மெலிந்திருக்கிறது என்று அரைக்கால்சட்டை அணிய வெட்கி, விளையாட்டு மைதானத்தையே துறந்த மாணவர்கள் உண்டு. இடை பருத்துவிட்டது என்று இரவு உணவைத் தள்ளிவிட்டு, மறுநாள் இறைவணக்க நேரத்தில் மயங்கி விழும் மாணவியரும் உண்டு. மூத்தோர் பேசாமல் விட்ட இடத்தில் விளம்பரக்காரர்கள் பேசிவிடுகிறார்கள்.

முதலில் தையற்காரர் சொல்வதைக் கேட்போம். சட்டை என்பது தோளிலிருந்து தொங்கும் ஆடை. மார்பையும் இடுப்பையும் எவ்வளவு சரியாக அளந்திருந்தாலும், தோள் அமையாவிட்டால் மற்றவை யாவும் குலைந்துபோகும். கூனி நிற்பவனுடைய முதுகு வளைந்து நீளுகிறது; அதை மூடப் போதாமல் பின்புறத் துணி மேலே ஏறுகிறது; காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கிறது; முன்புறத்திலோ துணி மிஞ்சிப்போய் மார்பருகே மடிப்பு விழுகிறது. தொந்தி உள்ளவருக்கு இதற்கு நேர்மாறு. முன்விளிம்பு தூக்கிக்கொள்ளும், வயிற்றருகே பொத்தான்கள் திணறும். நாள்தோறும் ஒரே தோளில் புத்தகப் பையைத் தொங்கவிடுகிறவனுக்கு ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் நிற்கப் பழகிவிடுகிறது. பிறகு சட்டையின் ஒரு கை நீண்டுவிட்டது என்று தையற்காரரோடு சண்டை பிடிக்கிறான்.

கைதேர்ந்த தையற்காரர் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே ஆள் நடந்து வருவதைக் கவனித்துக்கொள்வார். காரணம் உண்டு. நாடாவைக் கண்டதும் நாம் அனைவரும் வயிற்றை உள்ளே இழுத்து, மார்பை நிமிர்த்தி, படையணியில் நிற்பதுபோல் நின்றுவிடுகிறோம். அந்தப் பொய் அளவுக்குத் தைத்த சட்டை ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்து, உண்மை உடலைச் சந்திக்கும்போது பிடிப்பாக இருக்கிறது. பழி தையற்காரர் தலையில் விழுகிறது.

தைக்காத ஆடைகளுக்கு இத்தொல்லை இல்லை என்று எண்ண வேண்டா. வேட்டி இடுப்பில் நிற்பது, வயிறு இடுப்பைவிடச் சிறுத்திருக்கும் வரைதான். வயிறு முன்தள்ளினால் அது கீழே சரிந்து, வாரின் தயவில் வாழத் தொடங்கும். சேலையின் கொசுவம் நேர்கோடாக விழ வேண்டுமானால், உடுத்தியவர் இரு கால்களிலும் சமமாக நிற்க வேண்டும். ஒரு காலில் சாய்ந்து நின்றால் எத்துணை விலையுயர்ந்த பட்டும் கோணிப்போகும்.

நெய்வேலியிலிருந்து நெடுந்தொலைவு இல்லாத சிதம்பரத்தில் இதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணங்களைச் சிற்பிகள் வடித்திருக்கிறார்கள். அச்சிற்பங்களில் ஆடை மிகக் குறைவு. உடல் நிற்கும் நிலையே அழகு முழுவதையும் சுமக்கிறது. இன்றைய நாட்டிய மேடையிலும் இதே கதைதான். பரதநாட்டிய உடையின் முன்புறத்தில் விசிறி மடிப்பு ஒன்று தைத்திருப்பார்கள். நேராக நிற்கும்போது அது மூடிக்கிடக்கும். அரைமண்டியில் முழங்கால்களைப் பக்கவாட்டில் நன்கு விரித்து அமர்ந்தால்தான் மயில் தோகைபோல் விரியும். தொடையிலும் இடுப்பிலும் வலிமை இல்லாத பெண்ணுக்கு விசிறி பாதிதான் திறக்கும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய உடை, ஆண்டுக்கணக்கில் செய்த பயிற்சிக்குத்தான் பணிகிறது.

உடலின் பெயரையே ஓர் ஆடை தாங்கியிருப்பதும் நம் கடைத்தெருவில் உண்டு. கையில்லாத பனியனைச் ‘சாண்டோ பனியன்’ என்று கேட்டு வாங்குகிறோம். சாண்டோ என்பது ஒரு மனிதரின் பெயர். 1867இல் பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த யூஜின் சாண்டோ, உடற்கட்டினால் உலகப்புகழ் பெற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் பயில்வான்கள் தம் பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் பட்டம்போல் சேர்த்துக்கொண்டார்கள். திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். தோளையும் கையையும் மறைக்காத பனியனுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

1901 செப்டம்பரில் சாண்டோ, இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். நடுவர்களாக ஒரு சிற்பியும், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் அவருடன் அமர்ந்தனர். நான் அந்தப் போட்டியைக் குறிப்பிடுவது அதன் விதிக்காக. மிகப் பருத்த தசை உடையவனுக்குப் பரிசு என்று விதி இல்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒத்திருத்தல், உடல்நலம், தோலின் நிலை ஆகியவற்றையும் நடுவர்கள் பார்த்தார்கள். அளவொத்த உடலே அழகிய உடல் என்பது அவர்கள் கொள்கை. கை மட்டும் பருத்து, கால் குச்சியாக நிற்கும் இன்றைய இளைஞர் சிலர் அந்தப் போட்டிக்குச் சென்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எடை பார்க்கும் பொறியை நம்பி மகிழ்பவர்களுக்கும் வருந்துபவர்களுக்கும் ஒரு செய்தி. பூனாவைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கில நண்பர் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் தம்மையே சான்றாகக் காட்டிச் சிறு கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது, யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்குக்கு 21.2 பங்கு. எடைப்பொறியின் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. மெலிந்த கைகால்களும் மறைவான வயிற்றுக் கொழுப்பும் நம் நாட்டவரிடம் மிகுதி என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நீரிழிவு அந்த வழியாகத்தான் நுழைகிறது.

கடையில் ஆயத்தச் சட்டை வாங்கும்போது நாம் படும் பாட்டுக்கும் இதில் விடை இருக்கிறது. வயிற்றுக்குப் பொருந்தும் சட்டையை எடுத்தால் தோள் கைக்கு இறங்கிவிடுகிறது. தோளுக்குப் பொருந்துவதை எடுத்தால் வயிற்றில் பொத்தான் போட முடிவதில்லை. இதில் நம் உடலின் குற்றம் மட்டும் இல்லை. இந்தியருக்கென்று ஆடையளவு அட்டவணை இல்லாமல், மேலைநாட்டார் உடலுக்கு வகுத்த அளவுகளைச் சற்று மாற்றியே நம் தொழிற்சாலைகள் நெடுங்காலம் தைத்துவந்தன. இக்குறையை நீக்கத் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 2018இல் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரின் உடலை முப்பரிமாணக் கருவிகளால் அளப்பது என்பது அத்திட்டம். ஆகவே, ‘இந்த எண் எனக்குப் பொருந்தவில்லை’ என்று கடைக் கண்ணாடி முன் கலங்கும் மாணவியே, உன்னை அளந்து அந்த எண்ணை யாரும் வகுக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்.

எடைக்குப் பதிலாக எதைப் பார்ப்பது? தையற்காரரின் நாடாவையே கடன் வாங்குங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர் கூறும் எளிய அளவை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 80க்குள் இருந்தால் போதும். நாடாவின் முன் வயிற்றை இழுத்துப் பிடிக்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

இனி நெய்வேலிக்குத் திரும்புவோம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மண்ணையும் மணற்பாறையையும் அகற்றி, நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளி, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரியைக் காண முடிந்தது. அங்கே மலைபோன்ற சக்கர வாளிப் பொறிகள் மண்ணை வாரி எடுக்கின்றன. நகரும் பட்டைகள் அதைச் சுமந்து செல்கின்றன. மனிதன் அறையில் அமர்ந்து பொறியை இயக்குகிறான். மனித முதுகு முறியாமல் மண்ணை அகழ முடிவது பெரும் பேறு. அதை யாரும் குறைகூற மாட்டார்கள். ஆனால் முந்திரிக் காட்டிலும் கடலைக் கொல்லையிலும் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு வேலையே தேகப்பயிற்சியாக இருந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது இல்லை. வகுப்பில் அமர்வு, தனிப்பயிற்சியில் அமர்வு, வீட்டில் கைபேசிமீது கவிழ்ந்த தலை. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையைக் கழுத்து நாள் முழுவதும் முன்னே நீட்டித் தாங்கினால், தோள் உள்நோக்கி வளையாமல் என்ன செய்யும்? மேலே நாம் கண்ட காலர் விலகும் சட்டை இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு மருந்து விலை கொடுத்து வாங்குவது இல்லை. பள்ளிப் பருவத்தினர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சிரைக்க உடலை இயக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தண்டாலும் பஸ்கியும் நம் முன்னோர் அறிந்தவை, கருவி வேண்டா. ஆனால் தண்டால் மட்டும் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அது மார்புத் தசையைத்தான் பெரிதும் வளர்க்கிறது. முதுகுத் தசை பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் தோள் விரியும். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல், கயிறு ஏறுதல், கரலாக்கட்டை சுற்றுதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெய்வேலிப் பிள்ளைகளுக்கு வாய்த்த சமதளச் சாலைகளும், மர நிழலும், பாரதி விளையாட்டரங்கமும் பெரிய நகரங்களில் பணம் கொடுத்தாலும் கிடைப்பது அரிது.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது வீண் நம்பிக்கை. உடல் எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்பதைத் தானே முடிவு செய்கிறது. நாம் செய்யக்கூடியது ஓடுவதும் அளவாக உண்பதுமே. எடை தூக்கினால் பெண்கள் ஆண்களைப் போலாகிவிடுவர் என்பதும் அத்தகையதே. ஆணுடலின் பருமனுக்குக் காரணமான சுரப்பு நீர் பெண்ணுடலில் மிகக் குறைவு. பட்டினி கிடப்பதோ தீமையே செய்யும். வளரும் பருவத்தில் உணவை வெட்டினால் உடல் தன் தசையையும் சேர்த்துத் தின்னும். கன்னம் ஒட்டும், தோள் கூம்பும், இரத்தம் குன்றும். அந்த உடலில் எந்தப் பட்டும் பொலியாது. மாத்திரையாலும் ஊசியாலும் ஒரு மாதத்தில் மார்பை விரித்துத் தருகிறேன் என்பவனை உடற்பயிற்சிக் கூடத்தில் கண்டால், அன்றே வேறு கூடம் தேடுங்கள்.

எலும்பின் அகலம் பிறப்போடு வருவது. ஒடுங்கிய தோளினரும் உண்டு, அகன்ற இடையினரும் உண்டு. பயிற்சி எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடாது. நிற்கும் நிலையையும் நடையையும் மட்டும் அது எல்லாருக்கும் மாற்றித் தரும். அடுத்த ஆண்டு மெலிந்துவிடுவேன் என்று எண்ணிச் சிறிய சட்டை வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டா. இன்றிருக்கும் உடலுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். அளவு கொடுக்கும்போது வழக்கம்போல் நின்று, ‘தோளிலும் பக்கத்திலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள் ஐயா’ என்று தையற்காரரிடம் சொல்லி வையுங்கள். ஆறு மாதம் கம்பியில் தொங்கிய பிறகு பிரித்துவிட அது தேவைப்படும்.