பாரிஸிலிருந்து ராஜகிரிக்கு

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, செஞ்சிக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மராட்டிய ராணுவ அரண்களாகத் தேர்வான 12 கோட்டைகளில் தமிழகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

அதே பாரிஸில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறான் என் பால்ய சிநேகிதன், செஞ்சிக்காரன். "இங்க என்னடா இருக்கு, பாறையும் வெயிலும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவன். பொங்கலுக்கு வந்தவன், விடியற்காலையிலேயே என்னைக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு இழுத்துப்போனான். 1690-லிருந்து ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மொகலாயப் படையின் முற்றுகையை இந்த மலைகள் தாங்கி நின்றதையும், சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்து ஆண்டதையும் படிப்படியாய் நின்று சொன்னான். அந்நிய ஊர்க் கோட்டைகளைச் சுற்றிப் பார்த்தபோதுதான் நம்முடையதன் அருமை உறைத்ததாம். கூடவே வருத்தமும். படியோரம் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களை அவன் பொறுக்கிக்கொண்டே வந்தான். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இறங்கியபின் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹால் சுவரருகே நின்றுவிட்டான். பத்தாம் வகுப்பில் ஆணியால் அவன் கீறிய பெயர், சுண்ணாம்புப் பூச்சில் இன்னும் இருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"இதை அழிக்க வழி இருக்காடா?" என்று கேட்டான்.