பலரிடம் கேட்போம்: தொழிலிலும் சங்கத்திலும்
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கிரௌட்சோர்சிங்'. செயலாளர் போனில் இதைச் சொன்னபோது நான் கிடங்கில் வெங்காய மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். "அண்ணே, இதைப் பேசப் பேராசிரியர் யாராவது கிடைக்கவில்லையா?" என்று கேட்டேன். "நீ பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவன்தானே, பேசு" என்று வைத்துவிட்டார். தளவாடத் துறையில் பட்டயம் வாங்கிய கையோடு அத்தாவின் கடைக்கு வந்தவன் நான். உணவகங்களுக்கு அரிசி, எண்ணெய், மசாலாச் சாமான்கள் மொத்தமாகக் கொடுக்கிறோம். எனக்குத் தெரிந்த அளவில் பேசுகிறேன். குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தச் சொல்லை 2006ஆம் ஆண்டில் ஜெஃப் ஹோவ் என்பவர் 'வயர்டு' இதழில் எழுதிப் பரப்பினார். ஒரு வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது அவுட்சோர்சிங். அதையே பெயர் தெரியாத பெருங்கூட்டத்தின் முன் வைத்து, "யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்" என்று கேட்டால் கிரௌட்சோர்சிங்.

பெயர்தான் புதிது. 1714ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கண்டறிய வழி சொல்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று அறிவித்தது. அறிஞர்கள் பலர் விடையை வானத்து நட்சத்திரங்களிலும் நிலவிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜான் ஹாரிசன் என்ற தச்சரோ கடலிலும் தவறாமல் ஓடும் கடிகாரத்தைச் செய்து காட்டினார். அவருக்கு உரிய தொகை முழுதாகக் கைக்கு வர 1773 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 80. இந்த எண்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைப் பெரும்படை சூழ வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள். பாரசீகத்திலிருந்து வந்தவர், அடிமையாக இருந்து மீண்டவர். அரபு மண்ணில் பழக்கமில்லாத ஓர் உத்தி, வெளியிலிருந்து வந்தவரிடம்தான் இருந்தது.

இனித் தொழிலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் கோல்டுகார்ப் கதை. ஒன்டாரியோ மாநிலத்தில் ரெட் லேக் என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு பழைய தங்கச் சுரங்கம். அடுத்து எங்கே தோண்டுவது என்று அவர்களுடைய நிலவியலாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தலைவர் ராப் மெக்யூவன் ஒரு கூட்டத்தில் லினக்ஸ் மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டார். உலகம் முழுவதும் உள்ளவர்கள் கூடி எழுதுவது, யாரும் பார்க்கலாம், திருத்தலாம். நம் சுரங்கத்தை ஏன் இப்படித் திறந்துவைக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

சுரங்கத் தொழிலில் நிலத்தடித் தகவல்தான் கஜானா. எங்கள் தொழிலில் எந்த ஆலையிலிருந்து என்ன விலைக்கு அரிசி வாங்குகிறோம் என்பதைப் போல. அதை நான் என் மச்சானிடம்கூடச் சொல்வதில்லை. மெக்யூவன் 2000ஆம் ஆண்டில் அந்தத் தகவல் முழுவதையும் இணையத்தில் போட்டுவிட்டு, எங்கே தோண்டலாம் என்று சொல்பவர்களுக்கு மொத்தம் 5,75,000 அமெரிக்க டாலர் பரிசு என்றார். அவருடைய ஆட்களே பதறிப்போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். நிலவியலாளர்கள் மட்டுமல்லர், கணிதம் படித்தவர்களும் ராணுவத்தில் இருந்தவர்களும்கூட. முதலிடம் பெற்றவர்கள் ஆஸ்திரேலியர்கள். அவர்களில் ஒரு குழுவின் தலைவர் கனடாவுக்கே போனதில்லை. கணினியில் முப்பரிமாணப் படம் வரைந்து இடத்தைக் காட்டினார்கள். போட்டியில் வந்த 110 இடங்களில் பாதி, நிறுவனம் யோசித்தே பார்க்காதவை. அந்தப் புது இடங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தங்கம் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது பரிசுத் தொகை அல்ல. அவர் கேட்ட கேள்வி. "எங்கள் நிறுவனத்தை எப்படி முன்னேற்றலாம்?" என்று கேட்டிருந்தால் அறிவுரை மலையாகக் குவிந்திருக்கும், தங்கம் கிடைத்திருக்காது. "இதோ வரைபடம், எங்கே தோண்ட?" என்று கேட்டார்.

கேள்வி சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2016இல் பிரிட்டனில் 20 கோடி பவுன் செலவில் கட்டிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் வையுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற கேலிப்பெயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வாங்கி முதலில் வந்தது! கப்பலுக்குக் கடைசியில் சர் டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்தார்கள். கேலிப்பெயர் ஒரு சிறு நீர்மூழ்கிக் கருவிக்குப் போனது. கேட்டுவிட்டு மறுப்பதைவிட, எதைக் கேட்கிறோம் என்று முன்பே யோசிப்பது நல்லது.

லெகோ பொம்மை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் புது வடிவம் அனுப்பலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனத்தின் குழு பரிசீலிக்கும். விற்பனைக்கு வந்தால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் ஒரு விழுக்காடு பங்கு. கூடவே அவரைப் பற்றிய அறிமுகமும் உள்ளே இருக்கும்.

அந்த அறிமுகத்தைச் சொல்லும்போதுதான் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கடையில் மிளகாய்த் தூள் இரண்டு வகை. காரமானது ஒன்று, நிறத்துக்கானது ஒன்று. பை ஒரே மாதிரி. விடியற்காலையில் அவசரமாக இறக்கும்போது மாறிப்போகும். சமையற்காரர் திட்டுவார், மூட்டை திரும்பி வரும். ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் "யோசனை சொல்லுங்கள்" என்று போட்டேன். கட்டைவிரல் படம் நான்கு வந்தது. ஒரு வாரம் கழித்து, லாரியில் உதவிக்குப் போகும் தம்பி, ஊரிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாதவர், என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முதலாளி, காரத்துக்குச் சிவப்பு டேப், நிறத்துக்கு மஞ்சள் டேப் ஒட்டினா எழுத்தே படிக்க வேண்டாம்." அவ்வளவுதான். தளவாடத்தில் பட்டயம் வாங்கியவன் நான். அந்த மாதமே திரும்பி வரும் மூட்டை அநேகமாக நின்றுவிட்டது.

ஒரு நாள் உணவக முதலாளி ஒருவர், "நல்ல ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்" என்று என்னைப் பாராட்டினார். அந்தத் தம்பி இரண்டடி தள்ளி மூட்டையோடு நிற்கிறார். நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேன். "இவருடைய யோசனை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெருநாளைக்கு அவர் உறையில் இருபது வெள்ளி கூடுதலாக வைத்தேன், எதற்கென்று சொல்லாமல். அதற்குப் பிறகு அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "நீங்க பாத்துக்குங்க முதலாளி." சென்ற ஆண்டு அனுமதிச்சீட்டு முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். ஹாரிசனுக்கு எண்பது வயதிலாவது கணக்கு முடிந்தது.

அதனால்தான் நம் சங்கத்தின் யோசனைப் பெட்டியை ஒருமுறை பார்க்க நினைத்தேன். மாடிப்படி அருகே சுவரில் இருக்கிறதே, அதுதான். சாவியைத் தேடவே இரண்டு வாரம் ஆயிற்று. உள்ளே மூன்று தாள்கள். ஒன்று கார் நிறுத்த இடமில்லை என்பது. இன்னொன்று வெறுந்தாள். மூன்றாவது, 2011இல் துணைப்பாட வகுப்பு மாணவி ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியது. வகுப்பை அரை மணி நேரம் முன்னதாக முடித்தால், தன் அத்தா இரவு வேலைக்குப் போகும் முன் தன்னை வீட்டில் விட முடியும், இல்லாவிட்டால் தொடர்ந்து வர முடியாது என்று. பழைய பதிவேட்டைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு அவர் பெயர் இல்லை.

யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டில் நானும் இளைஞர் பிரிவில் இருந்தவன்தான். நான்கூட அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

நிர்வாகக் குழுவிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வரும் ரமலானுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்போம். நோன்புக் கஞ்சி சில நாள் மீந்துபோகிறது, சில நாள் வரிசையில் கடைசியில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது? ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ அரிசி, எத்தனை டப்பா, எவ்வளவு மீதி என்ற சென்ற ஆண்டுக் கணக்கைப் பலகையில் ஒட்டிவிடுவோம். மறைக்க அதில் ஒன்றுமில்லை. தேர்வு செய்பவர்களில் ஒருவர் கஞ்சி காய்ச்சும் அண்ணனாக இருக்கட்டும், ஒருவர் இருபத்தைந்து வயதுக்குக் கீழே. வந்த ஒவ்வொரு யோசனைக்கும், ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். நடைமுறைக்கு வருவது யாருடையதோ அவர் பெயர் கஞ்சிப் பானைக்கு மேலே எழுதப்பட வேண்டும். பரிசுத் தொகை 500 வெள்ளியை எங்கள் கடை கொடுக்கும்.

பெட்டிச் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இறங்கியதும் செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.