சிறு நகரங்களையும் படிப்போம்



நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரையோடு நின்றுவிடாமல், ஆசிரியன் என்ற முறையில் ஒரு பாடத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மயிலாப்பூர்க் குப்பத்திலும் தியாகராய நகரின் சந்துகளிலும் வாழும் நம்மில் பலருடைய பாட்டன்மார் செய்யாறு, ஆரணி, மதுராந்தகம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமப் பெருமை பேசியோரைக் கடுமையாக மறுத்துரைத்தார். அவர் வழிநின்று நாம் நகரத்தை நம்பினோம். ஆனால், எல்லா நகரமும் ஒன்றா?

2001இல் இந்தியாவில் 1,362 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் 2011இல் ஏறத்தாழ 3,900 ஆயின. மக்கள் 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருங்கி வாழ்ந்து, உழைக்கும் ஆண்களில் முக்கால் பங்கினர் வேளாண்மைக்கு வெளியே தொழில் செய்தால் அவ்வூர் நகரம் எனக் கணக்கிடப்படும். நிர்வாகமோ ஊராட்சியிடமே இருக்கும். பெண்களின் உழைப்பு இவ்வளவுகோலில் இடம்பெறவில்லை என்பதையும் கருதுங்கள்.

சிறு நகர ஆய்வுக்குச் சான்று ஆரணி. அரிசி ஆலைகளும் பட்டு நெசவும் கொண்ட அந்நகரை பார்பரா ஹாரிஸ்-வைட் என்னும் அறிஞர் 1973 முதல் நாற்பதாண்டுக்காலம் ஆராய்ந்தார். வாணிபம் வளர்ந்தால் சாதி தானே கரையும் என்பர். சாதிச் சங்கமும் வணிகச் சங்கமும் பின்னிப் பிணைந்து சந்தையை நடத்துவதையே ஆரணி ஆய்வுகள் காட்டின.

நான் முதலில் பணியாற்றிய சிறு நகரில் தெருக்கூட்டுவோர் அனைவரும் நம்மவர். கடைத்தெருவில் நம்மவர் கடை ஒன்றேனும் இல்லை. நாள்தோறும் கண்டேன், ஒருநாளும் எண்ணி எழுதி வைக்கவில்லை. படித்தவனாகிய என் குறை அது. எழுதப்படாத அநீதியை, இல்லாத அநீதி என்று சொல்வோர் உண்டு.

இளைஞர்களே! விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது குறிப்பேடு ஒன்று கொண்டு செல்லுங்கள். கடைத்தெருவில் கடை யாருடையது, மூட்டை சுமப்பவர் யார், வாடகைக்கு வீடு மறுக்கப்படுபவர் யார், குடிநீர்க் குழாய் எத்தெருவோடு நின்றுவிடுகிறது என்று எழுதுங்கள். அடையாற்றில், 1971இல் மால்கம் ஆதிசேசய்யா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. அத்தகைய நிறுவனங்களுக்குள் ஆய்வு மாணவராய் நுழையுங்கள். நம்மைப் பற்றிய கணக்கை நாமும் எழுத வேண்டும்.