பட்டறைக்கு ஏற்ற மின்பெட்டி



பால்வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நம்மவரில் பலருக்குப் பிற்பகலில் இரண்டாவது தொழில் ஒன்று காத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்போர், இரும்புக் கதவு பற்றவைப்போர், ரப்பர் மரப் பலகையில் மேசை நாற்காலி செய்வோர் எனக் கைத்தொழில் அறிந்தோர் இல்லாத தோட்டமே இல்லை எனலாம். இவர்கள் வீட்டுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, தகரக் கூரையிட்ட ஒரு பட்டறையை எழுப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டறைக்கு மின்சாரம் எவ்வாறு சென்று சேர வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தோட்டத்து எஞ்சின் நின்றதும் விளக்கணைந்த காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் தரவேண்டிய கடமையை முதலாளிமார் மீது சுமத்திய சட்டம் 1990 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆனால் அது குடியிருக்கும் வீட்டைப் பற்றியது. பின்னால் நாமாக எழுப்பும் கொட்டகைக்கு, அடுக்களைச் சுவரிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பியை இழுத்து, துணி உலர்த்தும் கொடியின் மேலாகக் கொண்டு போவதே பெரும்பாலும் நாம் காணும் வழக்கம். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று அதற்குள் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்போரும் உண்டு. அவ்வாறு செய்தபின் அங்கே காவல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

இதில் உள்ள ஆபத்தைச் சிறு கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரியும்போது அதன் வழியே ஏறத்தாழ 260 மில்லிஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. அதில் சிறு பங்கே மனித உடலின் ஊடாகச் சற்று நேரம் பாய்ந்தாலும் இதயத்தின் துடிப்பு நிலைகுலைந்துவிடும். பெட்டியில் இருக்கும் 20 ஆம்பியர் மின்முறிப்பானோ, 20 ஆம்பியரைத் தாண்டினால் மட்டுமே விழக்கூடியது. அது கம்பி எரியாமல் காக்க வந்தது. மனிதனைக் காக்க வந்ததன்று. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒன்றாக இல்லையென்றால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆயினும் அது மிகைச்சுமையை அறியாது. ஆகவே இவ்விரண்டில் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

1994 ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகள், கையில் பிடித்து இயக்கும் கருவிகள் பயன்படும் இடத்தில் இத்தடுப்பி 30 மில்லிஆம்பியருக்கு மேற்படாததாக இருக்க வேண்டும் என்கின்றன. தரை ஈரமாகக்கூடிய இடமாயின் 10 மில்லிஆம்பியர். பழைய வீடுகளின் பெட்டியில் வீடு முழுவதற்கும் 100 மில்லிஆம்பியர் தடுப்பி ஒன்றே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தடுப்பியை நம்பி, மழை நாளில் மண்தரையில் நின்றுகொண்டு அரைக்கும் கருவியைப் பிடிப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை எண்ணிப் பாருங்கள். பட்டறைக்குத் தனிப்பெட்டி வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

எவ்வளவு பெரிய பெட்டி? கடைக்குப் போய் இக்கேள்வியைக் கேட்டால், கடைக்காரர் தம்மிடம் இருப்பதைக் காட்டுவார். வீட்டிலேயே கணக்கிட்டுக்கொண்டு போவதே முறை. ஒவ்வொரு கருவியின் மேலும் உள்ள தகட்டில் வாட் அல்லது ஆம்பியர் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு குதிரைத்திறன் காற்றழுத்தப் பொறி ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும்; புறப்படும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். பற்றவைக்கும் சிறு பொறி 20 ஆம்பியர் என வைத்துக்கொள்வோம். விளக்கும் விசிறியும் சேர்ந்து ஓர் ஆம்பியர். ஒருவரே வேலை செய்கையில் துளையிடும் கருவியும் பற்றவைப்புப் பொறியும் ஒரே நேரத்தில் இயங்கப்போவதில்லை. ஆனால் காற்றழுத்தப் பொறி நம்மைக் கேட்டுக்கொண்டு புறப்படுவதில்லை. தொட்டியில் காற்றுக் குறைந்தால் தானே ஓடத் தொடங்கும். எனவே 20, 10, 1 மூன்றையும் கூட்டினால் 31. இப்பட்டறைக்கு 40 ஆம்பியர் முதன்மைச் சுவிட்சு போதும்.

அடுத்து வீட்டைப் பாருங்கள். வீட்டின் முதன்மைச் சுவிட்சும் 40 ஆம்பியர் என்றால், நாம் பற்றவைத்துக்கொண்டிருக்கும் மாலையில் மகள் குளிப்பதற்கு நீர்ச்சூடேற்றியைப் போட்டதும், அந்த 16 ஆம்பியரும் சேர்ந்து 47 ஆகிவிடும். அந்நிலையில் பட்டறையில் எத்தகைய பெட்டியை மாட்டினாலும் பயனில்லை. வீட்டு இணைப்பின் அளவை உயர்த்தித் தருமாறு மின் விநியோக நிறுவனத்திடம் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய பொறிகளை வைக்க எண்ணுவோர் மும்முனை மின்சாரம் கேட்பதா என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்வது சிக்கனம்.

கம்பியில் மிச்சம் பிடிக்க எண்ணுவோரே அதிகம். வீட்டிலிருந்து பட்டறை 30 மீட்டர் என்று கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 31 ஆம்பியர் அனுப்பினால் வழியிலேயே ஏறத்தாழ 17 வோல்ட் தொலைந்துபோகும். கம்பியும் தன் தகுதிக்கு மேல் சூடேறும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியிலோ இழப்பு 4 வோல்ட் அளவே. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் முனகிக்கொண்டு நின்று சுருள் கருகும். மோட்டாருக்குச் சுருள் கட்டக் கொடுக்கும் பணத்தைக் கம்பிக்குக் கொடுத்திருக்கலாம். இக்கம்பி இரும்புக் கவசமிட்டதாகவும், மண்வெட்டி எட்டாத ஆழத்தில் புதைக்கப்பட்டதாகவும் இருப்பது நல்லது. வீட்டுப் பெட்டியில் இதற்கெனத் தனி மின்முறிப்பான் வேண்டும். வீட்டுத் தடுப்பி நேரத் தாமத வகையாக இருந்தால், பட்டறையில் கசிவு ஏற்படும்போது பட்டறைத் தடுப்பி மட்டும் விழும். வீடு இருளில் மூழ்காது.

இனிப் பெட்டிக்குள் வருவோம். விளக்குக்கு 6 ஆம்பியர், சாதாரணப் பிளக்குகளுக்கு 20, காற்றழுத்தப் பொறிக்கு 20, பற்றவைப்புக்கு 32 என நான்கு மின்முறிப்பான்கள். பொறிகளுக்குரியவை சி வகையாக இருக்கட்டும். பி வகை, மோட்டார் புறப்படும் இழுப்பையே கோளாறு என்று எண்ணி விழுந்துவிடக்கூடும். பற்றவைப்புப் பொறியை 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் அதற்குரிய தொழிற்சாலைப் பிளக்கையே பொருத்துங்கள். முதன்மைச் சுவிட்சும் மின்கசிவுத் தடுப்பியும் ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும். பின்னாளில் வாங்கப்போகும் பொறிக்கு இரண்டு இடம் விட்டால் மொத்தம் பத்து. ஆகவே 12 இடமுள்ள பெட்டியைக் கேளுங்கள். மின்முறிப்பான், தடுப்பி ஆகியவற்றில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முத்திரையில்லாத மலிவுச் சரக்கு விழவேண்டிய வேளையில் விழாமலே இருந்துவிடலாம்.

பெட்டியை வாசலருகே, முக்காலி போடாமல் கை எட்டும் உயரத்தில் மாட்ட வேண்டும். மரத்தூள், எறும்பு, பல்லி ஆகியன நுழையாத மூடியுள்ளதாக அது இருக்கட்டும். தோட்டத்தில் மட்டுமே எழும் சங்கதி ஒன்றும் உண்டு. பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவைச் சிலர் இதே கொட்டகையில் வைப்பார்கள். அதன் ஆவி செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். நம் பெட்டிக்குள் மின்சாரம் ஓடும் பாகங்கள் பெரும்பாலும் இவ்விரு உலோகங்களே. பால் வாளிகளையும் மருந்துக் கலன்களையும் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பட்டறைக்கு அருகிலேயே ஒரு நிலத்தடியை அடித்து நிலக்கம்பியை இணைக்கச் சொல்லுங்கள். தடுப்பிதான் இருக்கிறதே, நிலக்கம்பி எதற்கு என்று கேட்பவர் உண்டு. நிலக்கம்பி இருந்தால், கருவியின் உடலில் மின்சாரம் ஏறிய உடனேயே தடுப்பி விழும். இல்லையென்றால், யாரேனும் தொடும்வரை அது காத்திருக்கும். தொடுபவர் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இவ்வளவையும் நாமே செய்துவிடலாம் என்று கருத வேண்டாம். இது எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. ஒருமுனை மின்சாரத்துக்கு மட்டும் சான்றிதழ் பெற்றவர் மும்முனை இணைப்பில் கைவைக்கக்கூடாது. வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமாயின், பெரிய கிராணியிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. நிர்வாகியின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். வேலை முடிந்து பணம் கொடுக்குமுன் வயர்மேனிடம் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். தடுப்பியில் உள்ள சோதனைப் பொத்தானை அவரையே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பின்னர் மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள். எந்த மின்முறிப்பான் எதற்குரியது என்பதைப் பெட்டியின் மூடியில் தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். நீங்கள் பட்டறையில் விழுந்து கிடந்தால், ஓடிவந்து சுவிட்சை அணைக்கப்போவது உங்கள் மனைவியோ மக்களோதான்.