தையற்போர்வையில் நிறமும் சமநிலையும்

டில்லி பிரகதி மைதானத்தை அடுத்துள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் வங்காளத்துக் காந்தாத் துணிகளும் இடம்பெற்றுள்ளன. நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலோட்டித் தைத்து, போர்வையாகவும் விரிப்பாகவும் ஆக்குவது அம்மரபு. தமிழில் வழங்கும் 'கந்தை' என்ற சொல் இப்பெயருக்கு உறவுடையது.

பழைய காந்தாக்களுக்கு வேண்டிய வண்ண நூல் பெரும்பாலும் கடையிலிருந்து வரவில்லை. அதே சேலைகளின் கரையிலிருந்து உருவப்பட்டது. எனவே வெண்மையான களத்தின்மீது சிவப்பு, நீலம், கறுப்பு என ஒருசில நிறங்களே கைவசம் இருந்தன. வறுமை விதித்த இவ்வரம்புக்குள்தான் அப்பெண்கள் முடிவெடுத்தனர். நடுவில் பெரிய தாமரை. மூலைகளிலிருந்து அதனை நோக்கிச் சாய்ந்த மரங்கள். நான்கு மரங்களும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மூலையில் அடர்ந்த சிறிய கறுப்பு உருவம் இருந்தால், எதிர் மூலையில் வெளிறிய பெரிய உருவம் அதற்கு ஈடு கொடுக்கும். சமநிலை என்பது அளவொப்புமை அன்று. கண்ணுக்குத் தோன்றும் கனத்தின் ஒப்புமை. தையலின்றி விடப்பட்டதுபோல் தோன்றும் வெள்ளைப் பரப்பிலும் வெண்ணூல் நெருங்கி ஓடியிருக்கும். அந்த அலைநிழலும் ஒரு நிறமாகவே கொள்ளத்தக்கது.

நிறம் தனித்து நின்று மதிப்புப் பெறுவதில்லை. பாரிசில் கோபெலின் நெசவாலையின் சாயப்பிரிவை மேற்பார்த்த வேதியியலறிஞர் செவ்ரல், கறுப்பு மங்குகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறங்களில் இருந்தது. இதனை அவர் 1839இல் நூலாக விளக்கினார். வங்கத்துப் பெண்களுக்கு இது கையறிவு.

கொள்முதல் செய்யும் அலுவலகங்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இதுவே. வண்ண அட்டையையும் வரைபடத்தையும் கிராமத்துக்கு அனுப்புவது எளிது, கணக்குக்கும் வசதி. ஆனால் அட்டையில் அழகிய சிவப்பு, துணியில் நீலத்தின் அருகே வேறாகத் தெரியும். பல அடுக்குகளை ஊடுருவிய தையலைப் பிரித்தெடுத்தால் நைந்த துணி கிழியும். வாரக்கணக்கான உழைப்பு 'தரக்குறைவு' என்று திருப்பப்படும்போது இழப்பு வரைந்தவருக்கு அன்று, தைத்தவருக்கே.

பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்துப் புசுரா கிராமத்தில் 1980களின் இறுதியில் சுஜனித் தையல் புத்துயிர் பெற்றது. அங்கே பெண்கள் வரதட்சிணை முதலிய தம் வாழ்க்கைச் செய்திகளையே சித்திரமாக்கினர். கருநிறச் சங்கிலித் தையலால் உருவங்களின் எல்லையைக் கட்டி, உள்ளே வண்ண நூலை ஓட்டினர். அந்தக் கருங்கோடு இருப்பதால் பல நிறங்கள் நெருங்கினாலும் ஒன்றோடொன்று கலங்குவதில்லை. 2006இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நூல்களைத் துணிமீது பரப்பி, எட்ட நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் கனத்த மூலை எதுவென்று தெரிந்துவிடும். அதன்பின் ஒரு சாண் அளவில் மாதிரித் துண்டு தைத்துப் பார்க்கலாம். அத்துண்டுக்கும், நிறத்தை ஆராய்ந்து செலவிட்ட நாளுக்கும் கூலி உண்டு என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிட்டால், ஊசி பிடித்தவர் தம் முடிவை அஞ்சாமல் சொல்ல இயலும்.