அட்டைப்பெட்டியில் ஓர் அச்சுப்பொறி



1981ஆம் ஆண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் 'உட்டோப்பியா' என்னும் ஆய்வுத்திட்டம் தொடங்கியது. நோர்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கமும் சுவீடன், டென்மார்க் நாட்டு ஆய்வாளர்களும் அதில் இணைந்தனர். செய்தித்தாள் அலுவலகங்களுக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்த காலம் அது. வேலை போய்விடுமோ, போகாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் பயின்ற கைத்திறன் மதிப்பிழந்துவிடுமோ என்னும் கவலை பக்கம் அமைக்கும் தொழிலாளர்களுக்கு இருந்தது. எனவே அவர்களையும் சேர்த்துக்கொண்டே புதிய கணினி முறைமையை வடிவமைக்க முற்பட்டனர்.

ஆய்வாளர்கள் முதலில் தமக்குப் பழகிய வழியிலேயே சென்றனர்: விளக்கக் குறிப்புகள், கட்டப்படங்கள். தொழிலாளர்களுக்கு அவற்றால் பெரும்பயன் விளையவில்லை. இதை அவர்களுடைய குறையாக நாம் கருதலாகாது. ஒரு நாற்காலியைப் பற்றிய பத்துப் பக்க விவரணையைப் படித்துவிட்டு, அதில் அமர்ந்தால் முதுகு வலிக்குமா என்று நம்முள் எவரால் சொல்ல இயலும்?

பின்னர் வழியை மாற்றினர். மரப்பலகை, அட்டை, காகிதம் ஆகியவற்றால் பொய்க் கணினி ஒன்றைச் செய்தனர். திரைக்குப் பதிலாக வரைந்த தாள்கள். வெற்று அட்டைப்பெட்டி ஒன்றின்மீது 'மேசை லேசர் அச்சுப்பொறி' என்று எழுதி வைத்தனர், உள்ளே ஒன்றுமில்லை. ஆயினும் அதன்முன் அமர்ந்து பக்கம் அமைக்கத் தொடங்கியதும் தொழிலாளர்களின் கைப்பழக்கம் வாய்திறந்தது. அத்தகைய பெட்டி எவருடைய மேசையருகே நிற்க வேண்டும்? சோதனைப்படியை எடுப்பவர் யார்? பெட்டியைப் பற்றிய வினாக்கள் போலத் தோன்றினாலும், வேலை எவர் கையில் இருக்கும் என்பதே இவற்றின் உட்பொருள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தொடக்க முன்மாதிரி கரடுமுரடாக இருப்பதே நன்று. வண்ணமும் பொத்தானுமாக மினுங்கும் திரையைக் காட்டினால், எல்லாம் முடிந்துவிட்டது என்றெண்ணிப் பயனர் நிறத்தைப் பற்றி மட்டும் கருத்துரைப்பார். அட்டையைக் கிழிக்க எவரும் தயங்குவதில்லை. இரவு பகலாக எழுதிய நிரலை அழிக்கச் சொன்னால் எழுதியவர் முகம் வாடும்; நாமும் வாடியிருக்கிறோம்.

அட்டைக்கும் எல்லை உண்டு. உண்மைக் கணினி எவ்வளவு விரைவாக இயங்கும் என்பதை அது காட்டாது. இயலாததையும் இயலும் என்று நம்பவைத்துவிடும். ஆகவே சில சுற்றுகளுக்குப்பின் இயங்கும் முன்மாதிரிக்கு மாறியாக வேண்டும்.

மாணவர்களே, பள்ளி நூலகத்தில் நூல் தேடும் செயலி ஒன்றைச் செய்ய எண்ணினால், நிரல் எழுதுமுன் நான்கு தாள்களில் திரைகளை வரையுங்கள். நூலகத்திற்குப் புதிதாக வரும் மாணவர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்து, அவருடைய விரல் எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். இடையில் விளக்கம் சொல்லாதீர்கள், அதுதான் கடினம். மேசைமீது கத்தரிக்கோலும் பழைய அட்டைகளும் வைத்துள்ளோம். உரைக்குப்பின் இங்கேயே தொடங்கலாம்.